வேன் பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைக்காதீர்கள்

ஒன்றரை வருஷத்தில், இப்படிக் கீசரை உள்ளே வைத்து என்னிடம் வந்த மூன்றாவது வண்டி இது. முதல் இரண்டு தடவையும் வந்தவர்களிடம் வாயால் சொல்லி அனுப்பினேன். இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

நாகர்கோவிலில் வேன்களுக்கு உள்வேலை செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். படுக்கை, அடுப்படி, தண்ணீர் டேங்க், குளியலறை எல்லாம் செய்கிறோம். போன மாதம் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு டிராவலர் வேன் வந்தது. ஓட்டி வந்தவர் இருபது வருஷம் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். மனைவியோடு நாலு ஊர் பார்க்க வேண்டும் என்று வேறொரு இடத்தில் ஆசையாகக் கட்டிய வண்டி. மூணாறில் விடியற்காலை அந்த அக்கா குளிக்கப் போயிருக்கிறார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பத்து நிமிஷம் கழித்து இவர் கூப்பிட்டால் பதில் இல்லை. கதவைத் தள்ளினால் அசையவில்லை. உள்பக்கமாகத் திறக்கிற கதவு, அதன் மேலேயே அவர் சரிந்து கிடந்திருக்கிறார். கதவு ஷீட்டைக் கிழித்துத்தான் வெளியே எடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். கணவர் அந்த நேரம் தூங்காமல் இருந்ததால் அக்கா பிழைத்தார். வேறு காரணம் எதுவும் இல்லை.

இவ்வளவும் நடந்த பிறகு அவர் என்னிடம் வந்தது எதற்குத் தெரியுமா? கதவைச் சரிசெய்ய. கூடவே ரெகுலேட்டரை மாற்ற. "கேஸ் லீக் ஒண்ணும் இல்லண்ணே. சோப்பு வெள்ளம் தொட்டுப் பாத்தாச்சு, ஒரு குமிழி கூட வரல்ல. வாசனையும் இல்ல. என்னத்துக்கும் ரெகுலேட்டர மாத்திருவோம்" என்றார். கீசர் அதே இடத்தில் இருக்கட்டுமாம்.

உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டரை அடிக்கு மூன்றடி இடம், ஆறடி உயரம். மூலையில் தலைக்கு மேலே, வீட்டுக்கு வாங்குகிற ஆறு லிட்டர் கீசர். கதவைச் சுற்றி நல்ல ரப்பர் பீடிங் ஒட்டியிருந்தார்கள், தண்ணீர் படுக்கைப் பக்கம் கசியக் கூடாது என்று. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. கீசருக்கு மேலே வெள்ளைக் கூரைத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. விரலை வைத்துத் தேய்த்தேன், கரி விரலோடு வந்தது. அவரைக் கூப்பிட்டு அந்த விரலைக் காட்டினேன். "இது புகைதானே?" என்றார். ஆமாம், புகைதான். அதுதான் விஷயமே.

கேஸ் கசிந்தால் நாற்றம் வரும். கேஸுக்கு இயல்பாக மணம் கிடையாது; கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற ஒன்றைக் கலந்து விற்கிறார்கள். அது எரியாத கேஸின் நாற்றம். இங்கே கேஸ் கசியவில்லை, எரிந்தது. காற்றுப் போதாத இடத்தில் எரிந்ததால் கார்பன் மோனாக்சைடு உண்டானது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணும் எரியாது, இருமலும் வராது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். மூச்சு சீராக ஓடிக்கொண்டே இருக்கும், உடம்புக்கு மட்டும் ஆக்சிஜன் போகாது. ஆகவே சோப்புத் தண்ணீரில் குமிழி வரவில்லை என்பதற்கும், அந்த அக்கா மயங்கி விழுந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. புது ரெகுலேட்டர், புது டியூப், புது சிலிண்டர் எல்லாம் போட்டாலும் இது நடக்கும். ஒரு சொட்டுக் கேஸ் கசியாமலே நடக்கும். "வாசனை வரலியே" என்பதைப் பாதுகாப்புக்குச் சாட்சியாக யாரும் சொல்லாதீர்கள். மூன்று வண்டிக்காரர்களும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ எல்பிஜி சரியாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். அந்தக் குளியலறையின் மொத்தக் கொள்ளளவு 1.3 கன மீட்டர்கூட இல்லை. ஆறு லிட்டர் கீசர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஒரு கிலோ அளவில் கேஸ் குடிக்கும். அதாவது ஆறு, ஏழு நிமிஷத்தில் அந்த அறையின் காற்று முழுவதையும் கீசரே கேட்கும். அதற்கு வெகு முன்பே சுவாலை கெட்டு மஞ்சளாகிக் கரி தள்ள ஆரம்பித்துவிடும். நடுவில் ஒரு ஆள் வேறு நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். "இருபது நிமிஷத்துல தானா ஆஃப் ஆயிரும்" என்று கீசரில் இருக்கிற டைமரைக் காட்டுகிறார்கள். ஆறு நிமிஷத்தில் வருகிற ஆபத்துக்கு இருபது நிமிஷ டைமர் என்ன செய்யும்?

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கிறோமே என்று அடுத்து வருவார்கள். காற்று உள்ளே வர வழியில்லாமல் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டினால், அது வெளியேற்றுவதற்கு எங்கிருந்து காற்று வரும்? அறைக்குள் இழுவிசைதான் உண்டாகும். கீசருக்குப் புகைக்குழாய் இருந்தாலும் மேலே போக வேண்டிய புகையை அந்த இழுவிசை திரும்ப உள்ளேயே கொண்டுவரும். மூணாறு குளிரில் ஜன்னலையும் யாரும் திறந்து வைக்க மாட்டார்கள். வைப்போம் என்று சொல்வார்கள், வைக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மயக்கம் வருவதற்கு முந்தைய இரண்டு நாளும் அந்த அக்காவுக்குக் குளித்து வந்ததும் தலைவலி இருந்திருக்கிறது, வயிற்றைப் புரட்டியிருக்கிறது. "மலைப்பாதை வளைவு ஒத்துக்கிடல்ல, பித்தம்" என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். வேன் பயணத்தில் தலைவலியையும் குமட்டலையும் அலுப்பு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் குளித்த பிறகு அல்லது சமைத்த பிறகு வருகிறது, வெளியே இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றால் குறைகிறது, வண்டிக்குள் இருக்கிற இரண்டு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது என்றால் கீசரையும் அடுப்பையும் மறுபடி பற்ற வைக்காதீர்கள். யாராவது மயங்கிவிட்டால் பின்கதவைத் திறந்து, கீசரை நிறுத்தி, ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து, 108-க்குக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் "கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது" என்று மறக்காமல் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து "98 காட்டுது, ஒண்ணும் இல்ல" என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் கருவிக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, நல்ல எண்ணாகவே காட்டும்.

கீசர் ஏன் உள்ளே போகிறது என்றால், எல்லாம் இடம் மிச்சம் பிடிக்கிற ஆசைதான். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை, என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. வேனில் இடம் மிச்சம் பிடிக்க எத்தனையோ வழி உண்டு. வாஷ்பேசினுக்குத் தனி இடமே வேண்டாம். சுவரில் மடக்கி வைக்கிற பேசினை டாய்லெட்டுக்கு மேலே இறக்கிக்கொள்ளலாம். பேசின் குழாயையே நீளமாக வெளியே இழுக்கிற மாதிரி போட்டால் அதுவே ஷவர். கழிப்பறையும் குளியலும் ஒரே ஈர அறையில் அடங்கும். அதற்கும் இடம் இல்லாத சின்ன வண்டியா? பின்கதவைத் தூக்கி அதில் திரை கட்டி, கீழே மடக்குத் தட்டு போட்டு வெளியே நின்று குளிக்கலாம். முட்டம், சொத்தவிளை பக்கம் கடலில் நனைந்துவிட்டு வருகிறவர்களுக்கு இதுவே வசதி, மணலும் வண்டிக்குள் ஏறாது.

தரையில் ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், யாரும் யோசிப்பதில்லை. வீட்டில் தரைக்கு ஒரு வாட்டம் கொடுத்து ஒரு மூலையில் ஓட்டை போட்டால் போதும். வண்டி அப்படி நிற்காது. இன்று திற்பரப்பில் மூக்கு மேலே தூக்கி நிற்கும், நாளை கடற்கரை மணலில் இடது பக்கம் சாய்ந்து நிற்கும். எதிரெதிர் மூலையில் இரண்டு வடிகால் வேண்டும். நாற்றம் ஏறாமல் வளைவில் தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி வீட்டில் போடுகிற டிராப்பும் வேண்டாம், ஓட்டத்தில் தண்ணீர் சிதறிப்போய்க் கழிவு டேங்க் நாற்றம் மேலே ஏறும். தண்ணீர் இல்லாமல் மூடிக்கொள்கிற சிலிக்கான் வால்வு போடுங்கள்.

சரி, வெந்நீருக்கு என்ன வழி? முதலில், நம் மாவட்டத்துக்குள் சுற்றுகிறவருக்கு வெந்நீர் எதற்கு? சித்திரை வெயிலில் மாடி டேங்க் தண்ணீரில் கை வைக்க முடிகிறதா? வண்டிக் கூரையில் எட்டடி நீளத்துக்கு நாலு அங்குலக் கறுப்புக் குழாயைப் படுக்க வைத்தால் சுமார் 20 லிட்டர் பிடிக்கும். நல்ல வெயில் நாளில் சாயங்காலம் இதமான சூட்டில் இரண்டு பேர் குளிக்கலாம்.

மலைக்குப் போகிறீர்கள் என்றால் பாட்டி வழிதான். மூணாறில் தண்ணீர் 15 டிகிரியில் இருந்தால், 7 லிட்டர் பச்சைத் தண்ணீரில் 3 லிட்டர் கொதித்த தண்ணீரை ஊற்றுங்கள். கிட்டத்தட்ட 40 டிகிரி வரும், அதற்கு மேல் உடம்புக்குத் தேவையில்லை. நம் ஊர்த் தண்ணீர் என்றால் 8-க்கு 2 போதும். அந்த வாளிக்குள் ஒரு சின்ன 12 வோல்ட் பம்பை இறக்கி ஷவர் தலையை மாட்டினால், விட்டு விட்டு நனைந்து, சோப்புப் போட்டு, அலசி முடிக்கப் பத்து லிட்டர் தாராளம். தண்ணீரை வண்டிக்கு வெளியே, அடுப்பை இறக்கி வைத்துக் காய வையுங்கள்.

பேட்டரி பெரியதாக இருந்தால் பத்து லிட்டர் மின்சார கீசரும் வைக்கலாம். 25 டிகிரி சூடேற்ற மூன்றில் ஒரு யூனிட்டுக்குள்தான் மின்சாரம் ஆகும். கேஸ் கீசர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே இழுத்துப் புகையையும் வெளியிலேயே விடுகிற, அறையோடு தொடர்பே இல்லாத வகை இருக்கிறது. வண்டி உடம்பைச் சதுரமாக வெட்டிப் பதிக்க வேண்டும், விலையும் கூடுதல். இல்லையென்றால் கழற்றி மாட்டுகிற கீசரை வண்டிக்கு வெளியே, திறந்த ஜன்னலிலிருந்து விலக்கித் தொங்க விடுங்கள். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி கிடையாது. வீட்டுக் கீசரை வண்டிக்குள் எந்த மூலையிலும் வைக்காதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கிற இடத்தில், மூச்சு மட்டத்தில் இருக்கட்டும். கேஸ் லீக் அலாரம் வேறு, இது வேறு. கேஸ் கனமானது, கீழே தங்கும், ஆகவே அந்த அலாரம் தரைக்கு ஒரு சாண் மேலே. ஒன்றை வாங்கி இரண்டுக்கும் சேர்த்து என்று மாட்டி வைத்திருக்கிற வண்டிகளைப் பார்க்கிறேன். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று தயவுசெய்து படித்துப் பாருங்கள்.

குளியலறைக் கதவு வெளியே திறக்க வேண்டும். தாழ்ப்பாள் ஒரு நாணயத்தை வைத்துத் திருகினால் வெளியிலிருந்து திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். அந்த வேனில் இந்த இரண்டும் இருந்திருந்தால் ஷீட்டைக் கிழித்த அந்த நிமிஷங்கள் மிச்சம்.

கூரையில் முந்நூறு லிட்டர் டேங்க் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முந்நூறு லிட்டர் என்றால் முந்நூறு கிலோ. நான்கைந்து ஆட்களைக் கூரையில் உட்கார வைத்து மலைவளைவு ஏறுவீர்களா? பாதி காலியானால் இன்னும் மோசம், தண்ணீர் ஒரு பக்கமாக அடித்து வண்டியைச் சாய்க்கும். டேங்க் தரைக்கு அடியில், இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், உள்ளே தடுப்புத் தகடோடு. ஆரல்வாய்மொழிக் காற்றில் உயரமான வண்டி ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலை தொடங்குவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது.

மார்த்தாண்டத்து வண்டியில் கீசரைக் கழற்றிவிட்டேன். ஓட்டைகளை அடைத்து, அந்த மூலையில் வாளியும் பம்பும் வைக்க ஒரு தட்டு அடித்துக் கொடுத்தேன். வண்டியை எடுக்க அந்த அக்காவும் வந்திருந்தார். புதுக் கதவை நாலு தடவை வெளியே திறந்து மூடிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கணவரிடம் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொண்டு வெளியிலிருந்து திறக்கச் சொன்னார்.