பில் இல்லாத சரக்குக்குக் கடைக்காரரே பொறுப்பு: மும்பைத் தமிழர்கள் அறிய வேண்டிய உணவுச் சட்டம்

தாராவியில் விடிகாலையில் வேகும் இட்லி மும்பையின் பல பகுதிகளுக்குப் போகிறது. அதைச் சாப்பிட்ட நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், கோளாறு மாவிலா, சட்னியிலா, மிளகாய்ப் பொடியிலா? எந்தப் பொருளை யாரிடம், என்றைக்கு வாங்கினோம் என்ற பதிவு இருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். இதைத்தான் தடமறிதல் என்கிறார்கள்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006 இதில் கறாராக இருக்கிறது. தன்னிடம் உள்ள சரக்கு எந்தத் தயாரிப்பாளரிடமிருந்து அல்லது விநியோகஸ்தரிடமிருந்து வந்தது என்று காட்ட முடியாத விற்பனையாளரே அதற்குப் பொறுப்பாளி என்கிறது பிரிவு 27. நம்மூர்ச் சிறு கடைக்காரர்கள் பலர் பில்லை ஜி.எஸ்.டி. சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மொத்த வியாபாரி தரும் பில், சரக்கின் தரத்துக்கு அவர் எழுதிக்கொடுத்த உத்தரவாதமாகவே சட்டத்தில் கருதப்படும். இரண்டு ரூபாய் மலிவு என்று பில் இல்லாமல் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. 2022 ஜனவரி 1 முதல் உணவு வியாபாரிகளின் பில்லில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தந்த உரிம எண் அல்லது பதிவு எண்ணும் கட்டாயம். அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பாக்கெட்டில் உள்ள பேட்ச் நம்பரின் (ஒரே தொகுதியாகத் தயாரான சரக்கின் எண்) வேலை வேறு. ஒரு பாக்கெட் பாதுகாப்பற்றது என்று தெரிந்தால், ஆய்வில் மாறாக நிரூபணமாகும்வரை அந்த பேட்ச் முழுவதுமே பாதுகாப்பற்றதாகக் கொள்ளப்படும். 2017-இல் வந்த திரும்பப் பெறும் விதிமுறைகளின்படி தயாரிப்பாளர் அதைச் சந்தையிலிருந்து எடுத்தாக வேண்டும். எங்கெங்கே அனுப்பினார் என்ற பதிவு அவரிடம் இல்லாவிட்டால் அது நடக்காது. சில்லறை விற்பனை மட்டும் செய்யும் கடைக்காரர் தனியாகத் திட்டம் எதுவும் எழுதி வைக்க வேண்டியதில்லை. ஆனால் அறிவிப்பு வந்ததும் சரக்கை அலமாரியிலிருந்து இறக்கிவிட வேண்டும்.

மசாலாப் பொடிகளைப் பாக்கெட்டில் அடைத்துத்தான் விற்க வேண்டும் என்பதும் விதி. சாக்கிலிருந்து அள்ளித் தரும் மிளகாய்ப் பொடிக்குத் தடமே கிடையாது. தயவுசெய்து அதைக் குழந்தைகள் சாப்பிடும் வீட்டுக்கு வாங்காதீர்கள்.

வாங்குபவர்களுக்கு ஒன்று. பொருளை டப்பாவில் கொட்டியதும் கவரை எறிந்துவிடாதீர்கள், தீரும்வரை வைத்திருங்கள். அதிலுள்ள 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணை அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் இட்டால் நிறுவனம் யாருடையது என்று தெரியும். சந்தேகம் இருந்தால், வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, பிரிவு 40-இன்படி நீங்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கலாம். பொருள் சட்டத்துக்கு உட்பட்டதாக இல்லை என்று அவர் அறிக்கை தந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். புகாருக்கு 1800-112-100 என்ற இலவச எண் இருக்கிறது. கவரின் படம், பேட்ச் நம்பர், பில், மிச்சமிருக்கும் பொருள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.