ஹேண்டில்பாரில் போனை மாட்டுவதற்கு முன்னால்

இந்த வாரமும் ஒரு தம்பி வந்தார். 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி, புதிதாக வாங்கிய விலையுயர்ந்த போன், வழி பார்க்க அதை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் மலைப்பயணம். கேமராவைத் திறந்து காட்டினார். எதிரே இருந்த சுவர் திரையில் அலை அலையாக நெளிந்தது. போனின் முதுகில் காதை வைத்தால் ‘கிர்ர்’ என்று சத்தம். “அண்ணா, ஹோல்டர் லூஸா இருந்திருக்குமோ?” என்றார். லூஸே இல்லை. இறுக்கமாகத்தான் இருந்தது. எஞ்சினின் அதிர்வு முழுக்க அப்படியே போனுக்குள் இறங்கியதற்குக் காரணமே அதுதான்.

வண்டிகளுக்கு லைட், சார்ஜர், ஹோல்டர் மாட்டிக் கொடுப்பது என் தொழில். இந்தக் கேமரா கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆப்பிள் நிறுவனமே 2021-இல் வெளிப்படையாக அறிவித்துவிட்டது: மோட்டார் சைக்கிள் எஞ்சினின் கடும் அதிர்வு, படம் ஆடாமல் பிடிக்கும் ஓஐஎஸ் அமைப்பைக் கெடுக்கலாம், ஐபோனை அதில் மாட்டாதீர்கள் என்று. ஸ்கூட்டரில் மாட்டுவதானாலும் அதிர்வைத் தாங்கும் டேம்பர் வைத்த ஹோல்டர்தான் வேண்டும் என்கிறார்கள். ஓஐஎஸ் உள்ள ஆண்ட்ராய்டு போன்களுக்கும் இதே கதிதான்.

அப்படியானால் வழி பார்க்க எதை வாங்குவது? அது உங்கள் பயணத்தைப் பொறுத்தது. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஊட்டி, கொடைக்கானல் போகிறவருக்கு வழி காட்டும் தனி ஜிபிஎஸ் கருவி தேவையில்லை. வீட்டில் சும்மா கிடக்கும், ஓஐஎஸ் இல்லாத பழைய போனை வழிகாட்டிக்கென்று ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் போனை பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு, ஹெல்மெட் புளூடூத்தில் குரலை மட்டும் கேளுங்கள். ராயல் என்ஃபீல்டின் டிரிப்பர் மாதிரி அம்புக்குறி காட்டும் வசதி வண்டியிலேயே இருந்தால் தாராளமாக அதைப் பயன்படுத்துங்கள். மாதாமாதம் மழையிலும் வெயிலிலும் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்தான் கார்மின் சூமோ போன்ற தனிக் கருவிக்குச் செலவழிக்க வேண்டும்.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: “டவர் இல்லாத காட்டில் ஜிபிஎஸ் எப்படி வேலை செய்யும்? இதுக்கு மாசம் எவ்வளவு ரீசார்ஜ்?” தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கும் சிம் கார்டுக்கும் சம்பந்தம் கிடையாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தங்கள் நேரத்தையும் இடத்தையும் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் கருவி அதை வாங்கிக் கணக்குப் போடுகிறது. திருப்பி எதையும் அனுப்புவதில்லை. நான்கு செயற்கைக்கோள் கிடைத்தாலே நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ரேடியோவில் பாட்டுக் கேட்க ரீசார்ஜ் செய்வோமா?

ஆழியாறு தாண்டி வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கவனித்திருப்பீர்கள். போன் மேப்பில் உங்கள் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி நகர்ந்துகொண்டேதான் இருக்கும், பின்னால் மட்டும் வெறும் சாம்பல் நிறக் கட்டம். ஜிபிஎஸ் எங்கும் போகவில்லை, மேப்தான் இறங்கவில்லை. தனிக் கருவியில் மேப் உள்ளேயே இருக்கும். போனில் நீங்கள்தான் முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். நெட் இல்லாமல் போக்குவரத்து நெரிசல் விவரம் தெரியாது. கூகுள் மேப்பை ஆஃப்லைனில் ஓட்டினால் டூவீலர் வழி வராது, காருக்கான வழிதான் வரும். கிளம்புவதற்கு முந்தின நாளே போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

தனிக் கருவி வாங்கும்போது பெரிய திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். உச்சி வெயிலில் எழுத்து தெரிகிறதா, கையுறையோடு தொட்டால் கேட்கிறதா, இந்த இரண்டையும் கடைக்கு வெளியே கொண்டுவந்து பாருங்கள். தண்ணீர் தாங்கும் தரம் ஐபிஎக்ஸ்7 என்றிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், நம் மழைக்கு அது போதும். போனுக்கு வெயிலும் ஆகாது. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெப்ப வரம்பே 35 டிகிரி வரைதான். சித்திரை மாதம் சேலம் பைபாஸில் அதை எங்கே போய்த் தேடுவது?

அப்புறம் வயரிங். சார்ஜரை பேட்டரியில் நேராக முறுக்கி, டேப் சுற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனில் எடுக்க வேண்டும், நடுவில் ஃப்யூஸ் கட்டாயம். ஸ்கூட்டர் பேட்டரி மிகச் சின்னது. நேரடி இணைப்பில் விட்ட சார்ஜர் அதைச் சும்மாவே காலி செய்துவிடும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், வயர் எங்கேயாவது இழுத்தால் அங்கேதான் நாளைக்கு அறுந்து ஷார்ட் ஆகும்.

வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020-இல் மோட்டார் வாகன விதியில் திருத்தம் வந்தது. ஓட்டிக்கொண்டே ஊர்ப் பெயர் டைப் செய்ய அது அனுமதி ஆகாது. ஓரமாக நிறுத்தி மாற்றுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மலைக்காட்டு வழிகளில் எந்தக் கருவியையும் கண்மூடி நம்ப வேண்டாம். பந்திப்பூர் சாலையை இரவு 9 மணிக்கு மூடிவிட்டு காலை 6 மணிக்குத்தான் திறக்கிறார்கள். கூடலூரிலோ குண்டல்பேட்டையிலோ டீ குடிக்க நிற்கும்போதே செக்போஸ்ட் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.