தொண்ணூறுக்குள் நூறு எப்படி வந்தது?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை. வாசலில் தொங்கும் அட்டையில் 9.90 என்று போட்டிருக்கிறது. "ஒன்பது வெள்ளி தொண்ணூறு காசு" என்று கூவுகிற கடைப்பையன், மலாய்க்காரப் பெண்மணி ஒருவர் எட்டிப் பார்த்ததும் "செம்பிலான் ரிங்கிட், செம்பிலான் புலோ சென்" என்று மாற்றிக்கொள்கிறான். பத்து வெள்ளியில் பத்துக் காசைக் குறைத்து ஆள் பிடிப்பது பழைய வியாபார உத்தி. அவன் வாயில் வரும் சொற்களும் அதே குறைப்பு வேலையைத்தான் செய்கின்றன.

மலாயில் 'அம்பில்' என்றால் எடு. முன்னால் நிற்கும் 'செ' ஒன்றைக் குறிக்கும். பத்திலிருந்து ஒன்றை எடுத்தால் செம்பிலான். எட்டைக் குறிக்கும் 'லாப்பான்' என்ற சொல்லும் அப்படித்தான்: இரண்டை எடுத்தது என்பதன் தேய்ந்த உருவம். இரு கையையும் விரித்து ஒன்பது காட்டிப் பாருங்கள். நீட்டிய விரல்களை யார் எண்ணப் போகிறார்கள்? மடங்கிய ஒற்றை விரல்தான் கண்ணில் படும். சமஸ்கிருதத்தில் பத்தொன்பதை 'ஏகோனவிம்சதி', அதாவது ஒன்று குறைந்த இருபது என்பார்கள். ('ஒன்பது நாடு' என்று பொருள்படும் மலேசிய மாநிலமான நெகிரி செம்பிலானுக்குப் பஸ் ஏறும் யாருக்கும் விரல் ஞாபகம் வருவதில்லை.)

நம் ஒன்பதையும் பத்துக்கு ஒன்று குறை என்று விளக்குவோர் உண்டு. ஆனால் தமிழில் அதற்கு முன்பே ஒரு ஒன்பது இருந்தது. சங்க நூலான பரிபாடல் எண்களை அடுக்கும்போது எட்டுக்குப் பிறகு 'தொண்டு' என்கிறது. இன்னொன்று: அந்த வரிசை ஒன்றில் தொடங்கவில்லை, 'பாழ்' என்ற சூனியத்தில் தொடங்குகிறது.

இருபது, முப்பது, எண்பது என எல்லாம் பத்தில் முடிய, அடுத்து வரும் தொண்ணூறில் மட்டும் திடீரென்று நூறு. தொள்ளாயிரத்தில் ஆயிரம். தொல்காப்பியமும் நன்னூலும் ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் தொண்ணூறு ஆகும் என்று புணர்ச்சி விதி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஏன் என்பதற்கு அங்கே பதில் இல்லை.

தமிழறிஞர் தேவநேயப் பாவாணரிடம் ஒரு பதில் உண்டு. தொண்டு 9, தொண்பது 90, தொண்ணூறு 900, தொள்ளாயிரம் 9000 என்று வரிசை ஒழுங்காகத்தான் இருந்தது. தொண்டு வழக்கொழிந்ததும் மேலே இருந்தவை ஒவ்வொரு படி கீழே இறங்கின, தொண்பதுதான் ஒன்பதாயிற்று என்பார் அவர். தொண்ணூறு என்பதே 'குறைந்த நூறு' என்று வேறு விளக்கமும் உண்டு. எனக்குப் பாவாணர் பக்கம்தான் சாய்வு, காரணம் கன்னடம். அங்கே தொண்ணூறுக்கு இன்றும் 'தொம்பத்து' என்றுதான் பெயர். நம்மிடம் இறங்கியது அங்கே இருந்த இடத்திலேயே நிற்கிறது.

எழுத்தில் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. பழைய தமிழ் எண்களில் 90 என்பது ௯௰, 900 என்பது ௯௱, 9000 என்பது ௯௲. கை ஒழுங்காக எழுத, வாய் மட்டும் ஒரு படி தள்ளிச் சொன்னது. பாவாணர் சொல்வது சரியென்றால், தொள்ளாயிரம் இறங்கியதால் 9000-க்குப் பெயர் இல்லாமல் போயிருக்கும். அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் ஒன்பதாயிரம்.