உட்கோட்டம்: ‘பிரெஜுடிஸ்’ என்பதற்கு ஒரு பழைய தமிழ்ச் சொல்

‘பிரெஜுடிஸ்’ (prejudice) என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன். ‘பிரே’ என்றால் முன், ‘யூடிகியம்’ என்றால் தீர்ப்பு. முக்கிய வழக்குக்கு முன்பே ஒரு கேள்வியை விசாரித்துச் சொல்லும் முடிவுக்கு ரோமானியச் சட்டத்தில் அந்தப் பெயர். அதில் பழி ஏதும் இல்லை. ஆராயாமல் ஒரு கூட்டத்தாரை வெறுப்பது என்ற பொருள் பின்னால் ஏறியது.

தமிழில் ‘பாரபட்சம்’ என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. பாரபட்சம் செயலில் தெரிவது, இதுவோ மனத்தில் இருப்பது. ‘தப்பெண்ணம்’ பரவாயில்லை. ஆனால் சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று நினைப்பதும் தப்பெண்ணம்தானே? லத்தீனுக்கு நேரான ‘முன்முடிவு’ பெரியவர்களுக்குச் சரியாக இருக்கும், குழந்தைகளிடம் வரும்போது இடறுகிறது.

குழந்தை எதையும் ஆராய்ந்து முடிவுகட்டுவதில்லை. பிறந்த சிசு எந்த இனத்தார் முகத்தையும் ஒன்றுபோலவே பார்க்கிறது. மூன்று மாதத்தில், தன்னைச் சுற்றி அதிகம் காணும் இனத்தாரின் முகங்களில் அதன் பார்வை நீடிக்கிறது. பழக்கம், அவ்வளவே. உளவியலாளர் ரெபெக்கா பிக்லர் குழுவினர் ஒரு கோடைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நீலமும் மஞ்சளுமாகச் சட்டை அணிவித்தார்கள். ஆசிரியர் நிறத்தைக் கண்டுகொள்ளாத வகுப்பில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நிறம் சொல்லிப் பிரித்து நடத்திய வகுப்பிலோ, தங்கள் நிறத்தாரே மேல் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் தலைகாட்டியது. எந்த நிறத்தையும் யாரும் தாழ்த்திப் பேசியிருக்கவில்லை.

சாய்வு எப்போதும் தன் பக்கமாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 1940களில் அமெரிக்காவில் உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் கறுப்பினச் சிறுவர்களிடம் பொம்மைகளைக் காட்டியபோது, பலர் வெள்ளைப் பொம்மையையே ‘நல்லது’ என்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது.

இப்படி மெல்ல மெல்ல வளைவதற்குத் திருக்குறள் ஒரு சொல் வைத்திருக்கிறது. ‘சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்’ என்பது நடுவுநிலைமை அதிகாரத்தின் 119ஆம் குறள். மனத்தில் வளைவு இல்லாமல் இருந்தால், சொல்லிலும் வளைவு இல்லாத நடுநிலை வரும் என்பது பொருள். கோடுதல் என்றால் வளைதல், உட்கோட்டம் மனத்தின் வளைவு. முடிவு என்றால் முடிந்துபோனது. கோட்டமோ நிமிரவும் கூடும். ஐந்து முதல் ஏழு வயதுவரை ஏறும் இந்தச் சாய்வு, அதன்பின் பல குழந்தைகளிடம் சற்றுத் தணிவதாக ஆய்வுகள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

வெறும் ‘கோட்டம்’ என்று எழுதினால் கோவில் என்றோ நிர்வாகப் பிரிவு என்றோ படித்துவிடுவார்கள். ‘உள்’ளை விட்டுவிடக் கூடாது.