சாய்தளம் கேட்பதற்கு அடையாள அட்டை தேவையில்லை

எங்கள் பகுதியில் உள்ள ஓர் அரசு அலுவலகத்தின் வாசலில், ஒன்றரை அடி உயரத்தை ஐந்தடி நீளத்துக்குள் ஏற்றிவிடும் ஒரு சாய்தளம் இருக்கிறது. எழுபது வயதைக் கடந்த ஒரு தாயைச் சக்கர நாற்காலியோடு மகனும் காவலாளியும் சேர்ந்து அதில் தூக்கி ஏற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாதி வழியில் மகனின் கை நழுவியபோது, அந்த அம்மா சுவரைப் பிடிக்கத் தேடினார். பிடிப்பதற்குக் கம்பி எதுவும் இல்லை. ஆனால் அந்த அலுவலகத்தின் கோப்பில் 'சாய்தளம் அமைக்கப்பட்டுள்ளது' என்றுதான் எழுதியிருக்கிறது. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட கோப்புகளை எதிர்கொள்ள வேண்டியவர்களுக்காக எழுதப்படுகிறது.

சட்டம் இதுதான்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்கள் அனைத்தும், விதிகள் வெளியான 2017 ஜூன் மாதத்திலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தடையற்றவையாக மாற்றப்பட வேண்டும் என்று அதன் 45ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. புதிய கட்டடமாக இருந்தால், இந்த வசதிகள் இல்லாத வரைபடத்துக்கு அனுமதியோ பணி நிறைவுச் சான்றிதழோ தரக்கூடாது என்பது 44ஆவது பிரிவு.

பலர் முதலில் மாட்டிக்கொள்வது தகுதி பற்றிய கேள்வியில்தான். மனு கொடுக்கப் போனவுடன் 'உங்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எங்கே, பாதிப்பு எத்தனை சதவீதம்?' என்று கேட்கிறார்கள். அட்டை இல்லாதவர் திரும்பி வந்துவிடுகிறார். உதவித்தொகைக்கும் பேருந்துச் சலுகைக்கும் அட்டை வேண்டும் என்பது உண்மை. ஒரு பொதுக் கட்டடத்தின் வாசலில் வழி இல்லை என்று புகார் சொல்வதற்கு அது தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் தாமாகவே முன்வந்தும் விசாரிக்கலாம் என்று சட்டம் சொல்லும்போது, புகார் கொடுப்பவரிடம் சதவீதம் கேட்பதில் பொருளில்லை. 'இங்கே சக்கர நாற்காலியில் யாரும் வருவதில்லையே' என்பது அடுத்த பதில். ஏற முடியாத இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். அதைக் காரணமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். தனியார் கட்டடம் என்றும் ஒதுங்க முடியாது. மக்கள் புழங்கும் கடை, மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டிடம் எல்லாமே சட்டத்தின் பார்வையில் பொதுக் கட்டடம்தான்.

மனு எழுதுவதற்கு முன் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். 'சாய்தளம் சரியில்லை' என்று எழுதினால் 'சரியாக உள்ளது' என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் கணக்கு. ஒன்றரை அடி உயர வாசலுக்குப் பதினெட்டு அடி வேண்டும் என்றும், இருப்பது ஐந்தடி என்றும் படத்தோடு எழுதினால், 'சரியாக உள்ளது' என்று கையெழுத்திட ஒரு பொறியாளர் யோசிப்பார். கைப்பிடிக் கம்பி உண்டா, சாய்தளம் தொடங்கும் இடத்திலேயே மூன்றங்குல விளிம்பு நிற்கிறதா, மேலே போனதும் நாற்காலியைத் திருப்ப இடமிருக்கிறதா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

நடைபாதைக்கும் இதே நாடா போதும். இந்தியச் சாலைப் பேரவை 2012இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் ஊர்களில் மழைநீர் வடிகாலின் மேல்மூடியையே நடைபாதை என்று சொல்லி முழங்கால் உயரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். பார்வையற்றவர் கோலால் தடவி நடப்பதற்கான மஞ்சள் ஓடுகள் நேராக டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் போய் முட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இரு சக்கர வாகனங்களைத் தடுக்க நட்ட குட்டைத் தூண்களுக்கு இடையில் ஸ்கூட்டர் நுழைந்துவிடுகிறது, சக்கர நாற்காலி நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியையும் அளந்து எழுதுங்கள்.

அலைக்கழிப்பு பெரும்பாலும் நடைபாதைப் புகாரில்தான் நடக்கிறது. மாநகராட்சிக்குப் போனால் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்பார்கள். அங்கே போனால் நடைபாதை மாநகராட்சி போட்டது என்பார்கள். கம்பத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டு பேருமே மின்வாரியத்தைக் கை காட்டுவார்கள். இந்த மூன்று வாசல்களிலும் மாறி மாறி நின்று ஓராண்டைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே கோரிக்கை மனுவை எழுதுவதற்கு முன்பே, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு தகவல் உரிமை விண்ணப்பம் அனுப்பிவிடுங்கள். இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரையிலான நடைபாதை எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளது, கடைசியாக எப்போது, எந்த வரைபடத்தின்படி வேலை நடந்தது, அந்த வரைபடத்தின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். தங்களிடம் இல்லாத தகவல் என்றால் ஐந்து நாட்களுக்குள் உரிய துறைக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. பதிலுக்கு முப்பது நாள். இடத்துக்கு யார் பொறுப்பு என்பது எழுத்தில் வந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் கை காட்ட முடியாது.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பவர்கள் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகரக் கூடாது. 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டது' என்ற காரணத்தோடு மனு முடித்து வைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால், உங்கள் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கில் ஒரு மனு குறைந்தது, அவ்வளவுதான். அந்தக் குறுஞ்செய்தியையும் அளவுகளையும் தகவல் உரிமைப் பதிலையும் இணைத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் புகார் அனுப்புங்கள். அதிகாரிகளை வரவழைத்து விசாரிக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவருடைய பரிந்துரையை ஏற்காத துறை, அதற்கான காரணத்தை மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும்.

'இதெல்லாம் வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை' என்று ஓர் அதிகாரி சொன்னால், 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ராத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். 2017 விதிகளில் தடையற்ற வசதியை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த 15ஆவது விதி, தாய்ச் சட்டமான 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே முரணானது என்று அது தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நடைபாதையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவில் அடங்கும் உரிமை என்று 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்ற 89ஆவது பிரிவையும் குறிப்பிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வேலை நடந்து, 'குறை தீர்ந்தது' என்று கையெழுத்து வாங்க ஒருவர் காகிதத்தோடு வருவார். சிமெண்ட் காய்ந்து, சக்கர நாற்காலியில் ஒருவர் யாரும் தூக்காமல் மேலே போய்த் திரும்பி இறங்கும் வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.