நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள், அம்மா

கோப்பு தடிமனாக இருந்தது. இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்கோ, மூளை ஸ்கேன் என்று ஓராண்டின் அறிக்கைகள் அனைத்தையும் மகள் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். "எல்லாமே நார்மல் என்கிறார்கள், டாக்டர். ஆனால் அம்மா முன்போல் இல்லை. கேட்டால், வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்." அம்மாவுக்கு வயது 81. நான் அவரைக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர் வாய் திறக்குமுன் மகளே பதில் சொல்லி முடித்தார்.

கோப்பை ஓரமாக வைத்தேன். "நாற்காலியிலிருந்து எழுந்து, அந்தக் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள், அம்மா" என்றேன். கோடு 3 மீட்டர் தூரத்தில் இருந்தது. இரண்டு முறை எழ முயன்று முடியாமல், மூன்றாவது முறை கைப்பிடிகளை இரு கைகளாலும் அழுத்தி எழுந்தார். எழுந்ததும் மேசையைப் பற்றிக்கொண்டு சற்று நின்றார். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்தபடி போனார். குதிகாலில் மாட்ட வேண்டிய செருப்பின் வார் அவிழ்ந்து பக்கவாட்டில் இழுபட்டது. திரும்புவதற்கு மட்டும் ஏழெட்டுச் சிற்றடிகள் வைத்தார். உட்காரும்போது பாதியிலேயே பிடி விட்டுப் பொத்தென்று அமர்ந்தார். மொத்தம் 26 வினாடிகள். 12 வினாடிகளைத் தொட்டாலே அவர் கீழே விழக்கூடியவர் என்று எடுத்துக்கொண்டு காரணம் தேடத் தொடங்க வேண்டும்.

அவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். அந்த நடையை மாற்றவில்லை.

தளர்ந்த முதியவர்களைப் பார்க்கும்போது முதியோர் மருத்துவர்களான நாங்கள் முதலில் தேடுவது நோயின் பெயரை அன்று. இவரால் எதைச் செய்ய முடிகிறது, நேற்று முடிந்த எது இன்று முடியவில்லை என்பதைத்தான் தேடுகிறோம். முதுமையில் நோய்கள் பல நேரம் தமக்குரிய அடையாளத்தோடு வருவதில்லை. நுரையீரலில் தொற்று இருக்கும், காய்ச்சல் இருக்காது. மாரடைப்பு வந்திருக்கும், நெஞ்சுவலி இருக்காது. சாப்பிட மறுப்பார், கீழே விழுவார், திடீரென்று பேச்சுத் தடுமாறிக் குழம்புவார். உடலுக்குத் தெரிந்த மொழி அவ்வளவுதான். அசைவு குறைதல், நிலைதடுமாறி விழுதல், சிறுநீர் கட்டுப்படாமை, அறிவுத் திறன் மங்குதல் ஆகிய நான்கையும் முதியோர் மருத்துவத்தின் பூதங்கள் என்று பிரிட்டிஷ் மருத்துவர் பெர்னார்ட் ஐசக்ஸ் குறிப்பிட்டார். பின்னால் எந்த நோய் இருந்தாலும் வாசலில் வந்து நிற்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது, மலசலத்தை அடக்குவது, தானே உண்பது. 1963-ல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் வகுத்த இந்த ஆறையும் குடும்பத்தார் கவனித்துவிடுவார்கள். ஆனால் இவை கடைசியில் போகிறவை. முதலில் நழுவுவது பணக் கணக்கு, மருந்தை வேளைக்கு எடுப்பது, தனியாக வெளியே போய்வருவது, தொலைபேசியில் பேசுவது போன்ற சற்றுச் சிக்கலான வேலைகள். அவற்றை வீட்டில் யாராவது அன்போடு கையில் எடுத்துக்கொள்வதால் இழப்பு தெரியாமலே போகிறது. "பில் கட்டுவது இப்போது யார்?" என்று கேட்டால், "நான்தான், அம்மாவுக்கு எதற்குச் சிரமம்?" என்பார்கள். "எப்போதிலிருந்து?" என்ற அடுத்த கேள்விக்குத்தான் முகம் மாறும்.

அந்த "எப்போதிலிருந்து" மிக முக்கியம். இரண்டு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் குறைந்தது வேறு. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து என்பது வேறு. சில நாட்களில் வந்த குழப்பமோ அளவுமீறிய தூக்கமோ அவசரம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கத்தி ஆர்ப்பாட்டம் செய்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். சுவரைப் பார்த்தபடி அமைதியாகப் படுத்திருப்பவரை "நன்றாக ஓய்வெடுக்கிறார்" என்று விட்டுவிடுகிறோம். எனக்கு அவரைப் பார்த்தால்தான் பயம் அதிகம்.

அடுத்து, மருந்துப் பையை மேசையில் கவிழ்த்தோம். பதினொரு அட்டைகள். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். அதனால் கணுக்கால் வீங்கியது. வீக்கம் வடிய நீர் மாத்திரை. அதனால் இரவில் நான்கைந்து முறை சிறுநீர். அதை அடக்க ஆக்ஸிபியூட்டினின். அதனால் வாய் வறண்டது, மலச்சிக்கல் வந்தது, மறதியும் கூடியது. மறதிக்காக மூளை ஸ்கேன். நடுவில் தூக்கம் கெட்டதென்று ஒரு தூக்க மாத்திரை. எழுதித் தந்தவர்கள் நால்வர். தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர்மீதும் குற்றமில்லை. பையை மொத்தமாக யாரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை என்பதுதான் குறை. படுத்திருக்கையில் 142 இருந்த இரத்த அழுத்தத்தின் மேல் அளவு, எழுந்து நின்ற மூன்றாவது நிமிடத்தில் 112-க்கு இறங்கியது. 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும். எழுந்ததும் மேசையைப் பிடித்தாரே, காரணம் இதுதான். (மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிலவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.)

எடையையும் கேட்கிறோம். முயலாமலே ஓராண்டில் 4.5 கிலோவுக்கு மேல் குறைவது, எதிலும் களைப்பு, கைப்பிடியில் வலுவின்மை, நடையில் மந்தம், அன்றாட அசைவு குறைதல். இந்த ஐந்தில் மூன்று இருந்தால் தளர்ச்சி என்று 2001-ல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீட் குழுவினர் வரையறுத்தார்கள். ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய படி. பயிற்சியாலும் புரதம் நிறைந்த உணவாலும் மீட்டெடுக்க மிக ஏற்ற காலம் அது. வீட்டில் எடைக் கருவி இல்லாவிட்டாலும் மோதிரம் தளர்ந்ததும் பல்செட் ஆடுவதும் சொல்லிவிடும்.

நினைவாற்றலைச் சோதிக்குமுன் காதைப் பார்த்தேன். இரண்டிலும் அழுக்கு அடைத்திருந்தது. காது கேட்காதவரிடம் மூன்று சொற்களைச் சொல்லி, அவற்றைத் திருப்பிச் சொல்லவில்லை என்பதால் மறதி நோய் என்று எழுதுவது பெரிய அநீதி. சுத்தம் செய்த பிறகு, நான் சொன்ன மூன்று சொற்களில் இரண்டை நினைவில் வைத்துச் சொன்னார். வரையச் சொன்ன கடிகாரத்தையும் சரியாக வரைந்தார்.

பிறகு மகளை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொன்னேன். இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கதவு மூடியதும் அம்மா குரலைத் தாழ்த்தினார். "இரவில் கழிவறைக்குப் போகும்போது இரண்டு முறை விழுந்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. தெரிந்தால் என்னை எங்கேயும் விடமாட்டாள்." ஓராண்டுக் கோப்பில் இந்த வரி எங்கும் இல்லை. பிறகு மகளிடமும் தனியாகப் பேசினேன். ஆறு மாதமாக ஓர் இரவும் முழுதாகத் தூங்கவில்லை என்றார். பராமரிப்பவரின் நிலையும் இந்த மதிப்பீட்டின் ஒரு பகுதிதான்.

இவ்வளவு நேரம் செலவழித்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், தேறமாட்டார்கள் என்று ஒதுக்கிப் படுக்கையிலேயே கிடத்தப்பட்டிருந்த முதியவர்களை 1935 முதல் ஒவ்வொருவராகப் பரிசோதித்து எழுப்பி நடக்க வைத்தார் மருத்துவர் மார்ஜரி வாரன். பலர் வீடு திரும்பினார்கள். 1984-ல் அமெரிக்காவில் லாரன்ஸ் ரூபன்ஸ்டைன் குழு வெளியிட்ட ஆய்வில், இப்படி முழுமையாக மதிப்பிட்டுப் பராமரிக்கப்பட்டவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 48.3. பின்னர் வந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. ஆனாலும் மருத்துவமனையில் சேர்ந்த முதியவர் மீண்டும் தம் வீட்டிலேயே வாழும் வாய்ப்பு கூடுகிறது என்பதை, 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ன் அறிக்கையும் காட்டுகிறது.

"விழுந்துவிடுவார், படுக்கையிலேயே இருக்கட்டும்" என்ற பரிவுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் இருத்திப் பார்த்த 2007-ம் ஆண்டு ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. ஏற்கெனவே தளர்ந்தவரிடம் இழப்பதற்கு அவ்வளவு ஏது?

கடைசியாக அம்மாவிடம், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. பேத்தியின் வீடு முதல் மாடியில் இருக்கிறதாம். 16 படிகள். ஏறிப் போய்க் கொள்ளுப்பேரனைப் பார்க்க வேண்டும்.

எங்கள் திட்டம் அந்தப் படிகளிலிருந்து எழுந்தது. ஆக்ஸிபியூட்டினினும் நீர் மாத்திரையும் நின்றன. இரத்த அழுத்த மருந்து மாறியது. தூக்க மாத்திரை ஆறு வாரத்தில் சிறிது சிறிதாகக் குறைந்தது. குதிகாலைப் பிடிக்கும் செருப்பு, கழிவறைச் சுவரில் கைப்பிடி, வழியில் இரவு விளக்கு. இயன்முறை மருத்துவர் தினமும் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைத் தொடங்கிப் படிகளுக்குக் கொண்டுபோனார். மூன்று மாதம் கழித்து அதே கோடு வரை போய்வந்து உட்கார 16 வினாடிகள் ஆயின. இன்னும் 12-க்குக் கீழே இறங்கவில்லை, பயிற்சி தொடர்கிறது. பேத்தி வீட்டுக்குப் போனீர்களா என்று கேட்டேன். மகள் பதில் சொல்ல வாயெடுத்தார்.

"இரு, நான் சொல்கிறேன்" என்றார் அம்மா.