ரேஷன் மெஷின் எடுக்காத ரேகை

கோயம்புத்தூரில் வெள்ளிக் களிமண்ணில் நகை செய்யும் என் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: “டெரகோட்டாவா? தண்ணி பட்டா கரையாதுங்களா?” வெள்ளிக் களிமண் என்று பெயர் வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். இதில் மண்ணே கிடையாது. மாவு போல நைஸான வெள்ளித்தூள், அதைப் பிடித்துவைக்க ஒரு பசை, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். 1990ல் ஜப்பானின் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனம் கொண்டுவந்த பொருள். கொழுக்கட்டை மாவுப் பதத்தில் இருக்கும். உருட்டலாம், அச்சு அழுத்தலாம், காய்ந்ததும் உப்புத்தாளில் தேய்க்கலாம். சூளையில் வைத்தால் பசை எரிந்துபோகும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி 99.9 சதவீத வெள்ளியாகிவிடும். வெளியே எடுக்கும்போது சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும். பித்தளை பிரஷ்ஷால் நாலு தேய் தேய்த்தபிறகுதான் வெள்ளி முகம் காட்டும்.

“எனக்கு அர்த்தமுள்ள நகை வேண்டும்” என்று வருகிறவர்களில் பலர் போனில் ஒரு படத்தோடு வருவார்கள். படுத்துக்கிடக்கும் எட்டு, கிளை விரித்த மரம், ஆந்தை. அந்தப் படுத்த எட்டு 1655ல் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் முடிவிலிக்காக எழுதிய குறி. காதலுக்கு அது எப்படி வந்து ஒட்டியதோ. கேட்டால் செய்து கொடுப்பேன், தப்பில்லை. ஆனால் அதற்கு இந்த மண் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுவேன். அதே டாலர் வெள்ளிக்கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கும். இது வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு, கிராமுக்கு வெள்ளி விலையைவிட அதிகம். அந்தக் காசுக்கு இது தருவது ஒன்றே ஒன்றுதான்: தொட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

நெருங்கியவரின் தடத்தை உடம்பில் போட்டுக்கொள்ளும் இந்த ஆசை நமக்குப் புதிதும் அல்ல. குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாண் கயிற்றில் கட்டியவர்கள்தானே நாம்? இப்போதும் அதைக் கேட்டு வருகிறார்கள். கொடியை மண்ணுக்குள் வைத்துச் சுட முடியாது, எரிந்துபோகும். கூடு மாதிரி செய்து, சுட்டு ஆறியபின் உள்ளே வைத்து மூட வேண்டும். முத்தும் பவளமும் அப்படித்தான். சூளைக்குள் போனால் பாழ், பிறகுதான் பதிக்க முடியும். தெரியாமல் யாராவது “சேர்த்தே சுட்டுத் தருகிறேன்” என்றால் கொடுத்துவிடாதீர்கள்.

போன வருடம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு பெண் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும், வங்கி வேலை. கேட்டது அம்மாவின் கைநாட்டு. ஆறாவது படிக்கும்போது ராங்க் கார்டில் அம்மா கட்டைவிரலை உருட்டிவைத்த நீல மைத் தடத்தை மற்ற பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதென்று மடித்து மடித்துக் கொடுப்பாராம். அதைத்தான் இப்போது கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அம்மாவுக்குத்தான் நம்பிக்கையில்லை. “ரேசன் கடை மெசினே என்ர கைய எடுக்க மாட்டேங்குது கண்ணு, உன்ர மண்ணு எடுத்துருமா?” முப்பது வருடம் தென்னை நார்க் கயிறு திரித்த கை. விரலை நேராக வெள்ளியில் அழுத்தச் சொல்வதில்லை நான். இரண்டு நிறத்தில் வரும் சிலிக்கான் மாவைச் சம அளவு பிசைந்து அதில் அழுத்தவைப்பேன். சில நிமிடத்தில் ரப்பராக இறுகிவிடும். அந்த அச்சில் வெள்ளி மண்ணை ஒற்றினால் விரல் விரலாகவே, மேடு மேடாக எழும்பி நிற்கும்.

அச்சை விளக்கடியில் பிடித்துப் பார்த்தோம். சுழியில்லை, வளைவில்லை. தேய்ந்த தோல், குறுக்கே நாலைந்து வெடிப்பு, ஓரத்தில் ஆழமாக ஒரு வெட்டுத் தழும்பு.

மகளின் முகம் விழுந்துவிட்டது. “ரேகையே இல்லீங்களே... கம்ப்யூட்டர்ல சரி பண்ண முடியுங்களா?”

முடியும். இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். மங்கிய ரேகையை மென்பொருளில் துலக்கி, இல்லாத கோட்டை வரைந்து சேர்த்து, அழகாகச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் அது அவரவர் விருப்பம். சொல்லாமல் செய்தால், உங்கள் கழுத்தில் தொங்குவது யாரோ ஒரு டிசைனர் போட்ட கோடு. ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள்: கோட்டைத் திருத்துவீர்களா? திருத்தினால் எங்கே? அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியே இருக்கட்டுங்க” என்றார்.

இன்னொன்று, அளவு. சுடும்போது பசை போன இடத்தை வெள்ளி நெருங்கி நிரப்புவதால் உருவம் சுருங்கும். முதலில் வந்த மண் கிட்டத்தட்ட 28 சதவீதம் சுருங்கியது. இப்போது கிடைப்பவை பெரும்பாலும் 8 முதல் 15. “அப்பா கட்டைவிரல் இவ்வளவு சின்னதா?” என்று வாங்கும்போது அதிராமலிருக்க முன்பே சொல்லிவிடுகிறேன். அப்புறம், பிறந்த குழந்தையின் விரல் ரேகை மிக நெருக்கமானது, அச்சில் சரியாக எழும்பாது. சில மாதம் பொறுக்கலாம், இல்லையென்றால் பாதத்தை மையில் ஒற்றி வைத்துக்கொள்ளலாம். பழைய பத்திரத்தில் இருக்கும் தாத்தாவின் ரேகையிலிருந்தும் செய்யலாம். ஆனால் படத்தைத் திருப்பிப் போட்டுத்தான் அச்சுத் தகடு எடுக்க வேண்டும், மறந்தால் இடவலம் மாறிவிடும். பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். நல்ல ஸ்கேன் போதும்.

விரலை நேராக வெள்ளியில் அழுத்தச் சொல்லாததற்குக் காரணம் என் கையால் நடந்த ஒரு தப்பு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்த தன் தகப்பனாரின் விரலை நேராக வெள்ளி மண்ணிலேயே அழுத்தி வாங்கி வந்திருந்தார். காய்ந்துவிட்டது என்று நினைத்துச் சூளையில் வைத்துவிட்டேன். உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. நீராவி கிளம்பி வெடித்து மூன்று துண்டானது. அதற்குள் பெரியவர் காலமாகிவிட்டார். நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, திட்டவுமில்லை. அன்றிலிருந்து முதலில் ரப்பர் அச்சு, பிறகுதான் வெள்ளி. காய்ந்ததா என்று பார்க்க, துண்டை லேசாகச் சூடாக்கிக் கண்ணாடிமேல் சில நொடி வைத்து எடுப்பேன். கண்ணாடியில் பனி படிந்தால் ஈரம் இருக்கிறது. செய்து தருகிறவரிடம் அச்சையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகை தொலைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

கயிறு திரித்த அம்மாவின் டாலரை 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். வெள்ளி 962ல் உருகிவிடும், அதனால் சூளையின் மீட்டரை நம்ப முடியவேண்டும். குறைந்த சூட்டிலும் வெந்துவிடும், ஆனால் தினமும் போடுகிற நகைக்கு உறுதி வேண்டுமே. எப்படிச் சுட்டாலும் இது வார்த்த வெள்ளியைவிடக் கொஞ்சம் மிருதுதான். பாத்திரம் தேய்க்கும் கைக்கு மெல்லிய மோதிரமாகக் கேட்டால் வேண்டாமென்பேன், கழுத்துக்குப் பரவாயில்லை.

வாங்க வந்தபோது அம்மா டாலரை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். “சேதாரம் எத்தன போட்ட?” சேதாரமே இல்லை, ஆனால் விற்கப் போனால் வெள்ளி எடைக்குத்தான் தருவார்கள் என்றேன். “அப்ப அடகுக்கு ஆகாது” என்று முடிவு செய்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வெடிப்புகள் கறுத்து நிற்க, தழும்பு மட்டும் மேலே மின்னியது.

“இது மட்ட உரிக்கற பாரையில பட்டது. நீ அப்ப தொட்டில்ல கெடந்த. கட்டுப் போட்ட கையோடதான் உன்னத் தூக்குவன்.”

“இத எங்கிட்டச் சொன்னதே இல்லயேம்மா” என்றார் மகள்.

“நீ எப்பக் கேட்ட?”